அப்பா பாகூரில், அம்மா கடலூரில்... பிள்ளை யாரிடம்?

'பிள்ளையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். இனி அவர் பார்க்க முடியாதுல்ல?' பிரிந்து வாழ்பவர்கள் கேட்கும் கேள்வி இது. முடியும் என்பதே பதில்.

இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டு கார்டியன்ஷிப் சட்டப்படி, 5 வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம்தான் இருக்கும். அதற்கு மேல்? குழந்தையின் நலன்தான் முக்கியம். பணம் யாரிடம் அதிகம் என்பது மட்டும் முடிவு செய்யாது. விவரம் தெரிந்த பிள்ளை என்றால், அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

மனுவை எங்கே போடுவது? 1890-ம் ஆண்டு சட்டம், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தைப் பார்க்கிறது. பாகூரில் என்றால் புதுச்சேரி கோர்ட்; பெண்ணையாற்றைத் தாண்டி கடலூரிலேயே வளர்கிறது என்றால் அங்கே.

ஒருவரிடம் பிள்ளை இருந்தாலும், மற்றவர் பார்க்கவும் பேசவும் வழி இருக்க வேண்டும். வீடியோ காலையும் சேர்த்து 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அதனால ஒப்பந்தத்தைத் தெளிவா எழுதுங்க: எந்த ஞாயிறு, பொங்கல் யாரோட, வில்லியனூர் தேருக்கு யார் கூட்டிட்டுப் போறது, எத்தனை மணிக்குத் திரும்பணும். அப்புறம் தெருவில் நின்னு சண்டை போட வேண்டியிருக்காது.

வக்கீலுக்குக் காசில்லையா? வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு: 'உனக்கு யாரைப் பிடிக்கும்?'னு பிள்ளையை நடுவுல நிறுத்தாதீங்க. பிரிஞ்சது நீங்க ரெண்டு பேரும்தான், அது இல்லை.