கனவிலும் புகுந்த கட்டளை

கனவு என்பது அவரவர்க்கே உரிய தனி உடைமை என்று நாம் எண்ணியிருக்கிறோம். வீட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்ய அரசாங்கத்தால் இயலும். உறங்குகிறவனின் உள்ளத்தில் அதற்கு என்ன வேலை? ஆனால் அங்கும் அது நுழைந்ததைக் காட்டும் தொகுப்பு ஒன்றுண்டு. அதைத் திரட்டியவர் சார்லோட் பெராட் என்னும் பெர்லின் பத்திரிகை எழுத்தாளர்; யூதப் பெண்மணி.

1933 ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் பிரதமரானார். அதன்பின் பெராட்டைத் தீக்கனவுகள் வாட்டின. பிறரும் இவ்வாறு வருந்துகின்றனரோ என அறிய விரும்பி, தையற்காரி, பால்காரர், அண்டை வீட்டார் எனப் பலரிடமும் பேச்சுவாக்கில் விசாரிக்கலானார். முந்நூறு பேரளவில் கனவுகள் சேர்ந்தன. குறிப்புகளைப் புத்தகங்களின் கட்டுக்குள் ஒளித்தார். அவற்றில் ஹிட்லர் ‘ஹான்ஸ் மாமா’, கட்சி ‘குடும்பம்’, கைது ‘சளிக்காய்ச்சல்’. 1939-இல் நாட்டை விட்டு வெளியேறிய அவர், 1966-இல்தான் இவற்றை நூலாக வெளியிட்டார்.

முதற் கனவு ஒரு தொழிற்சாலை முதலாளி கண்டது. ஹிட்லர் பதவியேற்று மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. கெப்பெல்ஸ் ஆலைக்கு வருகிறார். தொழிலாளர் அனைவரும் பார்த்து நிற்க, முதலாளி கை உயர்த்தி வணங்க முயல்கிறார். கை அணு அணுவாக மேலே ஏற அரைமணி நேரம் ஆகிறது. ஏறியதும், உன் வணக்கம் வேண்டாம் என்று சொல்லி கெப்பெல்ஸ் திரும்பி விடுகிறார்.

மருத்துவர் ஒருவரின் கனவில், வீடுகளின் சுவர்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. சுவர்கள் ஒழிக்கப்பட்டமை குறித்து, தேதியிட்ட ஆணையை ஒலிபெருக்கி வாசிக்கிறது. அரசாணைகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அந்த உலர்ந்த நடையே சுவர் மறைந்ததைக் காட்டிலும் அச்சம் தருகிறது.

இனப்பிரிவினை புகுந்த கனவுகள் இன்னும் கொடியவை. 1935 செப்டம்பர் 15-ஆம் நாள் இயற்றப்பட்ட நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. பிறரோடு அவர்கள் மணவுறவு கொள்வதையும் தடுத்தன. ரத்தத்துக்குப் பத்திரம் கேட்கும் காலம் அது. தம் மூக்கு சற்று வளைந்திருப்பதால் யூதர் என்று பிறர் கருதுவாரோ என ஓயாது அஞ்சிய இளம்பெண் ஒருத்தி, வம்சத் தூய்மையைச் சரிபார்க்கும் அலுவலகத்திற்குச் செல்வதாகக் கனவு கண்டாள். அவள் நீட்டிய சான்றிதழை அதிகாரி வாங்கிக் கிழித்து அடுப்பில் எறிகிறார். இப்போதும் நீ தூய ஆரியப் பெண்தானா என்று வினவுகிறார். அவள் யூதப் பெண்ணல்லள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிரித்து வைக்கப்பட்டவர்களை மட்டுமின்றி, உள்ளே இருத்தப்பட்டவர்களையும் அச்சட்டம் உறங்கவிடவில்லை.

முதிய யூத வழக்கறிஞர் ஒருவரின் கனவு நம் மனத்தை விட்டு அகலாதது. பெர்லின் பூங்காவில் இரு பெஞ்சுகள் உள்ளன. ஒன்று வழக்கமான பச்சை நிறம். மற்றது யூதர்க்கென்று மஞ்சள் பூசியது. இடையே ஒரு குப்பைத்தொட்டி. அவர் அத்தொட்டியின் மீது அமர்கிறார். வேண்டுமானால் காகிதக் குப்பைக்கும் இடம் விடுவேன் என்னும் பொருள்பட ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். இதை வெறும் பணிவு என்று கொள்வதற்கில்லை. சட்டத்தைத் தம் வாழ்நாளெல்லாம் கற்றவர் அவர். அது ஒதுக்கிய மஞ்சள் பெஞ்சேனும் தமக்கு நிலைக்கும் என்று அவர் உள்ளம் நம்பவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1941 அக்டோபரில் பெர்லின் யூதர்களை ரயிலேற்றிக் கிழக்கே நாடுகடத்தத் தொடங்கினார்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் தீக்கனவு காண்கிறாள். ஆயினும் அக்கனவிலேயே அவள் காவலன் முன் நின்று வழக்குரைக்கிறாள். பெராட்டிடம் கனவுரைத்தவர்களுள் பெரும்பாலோர்க்கு அந்த நா எழவில்லை. ஒருவர், கனவில் தாம் ரஷ்ய மொழியில் பேசியதாகச் சொன்னார். அரசைப் பற்றி ஏதேனும் சொல்லிவிட்டால் பிறர் அறியக்கூடாது, தாமும் அறியக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. அவருக்கு ரஷ்ய மொழி தெரியாது.