கன்றை எப்போது நிலத்தில் வைப்பது?

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் பல, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய கையோடு வளவில் ஒரு மாங்கன்றையோ தென்னம்பிள்ளையையோ வைக்க விரும்புகின்றன. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த ஆவல் நன்கு விளங்கும். ஆனால் அவசரம் கன்றுக்கு உதவாது. வெங்காயம் பிழைத்துப்போனால் அடுத்த போகம் உண்டு. மரக்கன்று பிழைத்தால் ஒரு வருடமும் போகும், கன்று வாங்கிய காசும் போகும்.

ஏன் ஐப்பசி?

பொலித்தீன் பையிலுள்ள கன்றின் வேர் அந்தப் பையளவுதான். புதுவேர் பக்கத்து மண்ணுக்குள் இறங்கும்வரை அதனால் நீரைத் தேடிப்போக முடியாது. இதற்கு ஈரமண்ணில் இரண்டு மூன்று மாதங்களாவது வேண்டும்.

குடாநாட்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கிறது. தை பிறந்தால் மழை குறையும். சித்திரையில் வரும் சிறுமழையை விட்டால் ஆவணி வரை வரட்சிதான். வைகாசியில் தொடங்கும் சோழகக்காற்று இலையையும் மண்ணையும் சேர்த்து உலர்த்தும். ஐப்பசியில் வைத்த கன்றுக்கு முழு மழைக்காலமும் கிடைக்கும். மார்கழிக் கடைசியில் வைத்ததற்குச் சில கிழமைகளே கிடைக்கும்.

முதல் மழையை நம்பலாமா?

புரட்டாசியில் ஒரு மழை பெய்து, பின்னர் பத்து நாள் வெயில் எறிப்பதுண்டு. எனவே மண்ணைக் கேளுங்கள். மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். அடிவரை ஈரமென்றால் வைக்கலாம். மேலே மட்டும் நனைந்திருந்தால் பொறுத்திருங்கள்.

பள்ளக் காணியில் நிலைமை வேறு. 2008 நவம்பரில் நிஷா சூறாவளியோடு வந்த வெள்ளத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நீர் தேங்கினால் வேர் மூச்சின்றி அழுகும். அங்கே மண்ணைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் வையுங்கள், அல்லது வெள்ளம் வடிந்தபின் வைத்துக் கோடையில் கிணற்று நீர் ஊற்றுங்கள். கரையோரக் கிணறாயின் நீர் உவரா என முதலில் ருசித்துப் பாருங்கள்.

கன்று ஆயத்தமா?

1. மாங்கன்றில் செந்தளிர் இருந்தால் வைக்க வேண்டாம். தளிர் முற்றிப் பச்சையாகட்டும்.
2. நிழலில் வளர்ந்த கன்றை இரண்டு கிழமைகளில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.
3. வைக்கும்போது பையை வெட்டி அகற்றுங்கள். சுருண்ட வேர் இருந்தால் நறுக்கி விடுங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும்.

குழியை மழைக்கு முன், ஆவணியிலேயே வெட்டி ஆறவிடுங்கள். மாவுக்கும் தென்னைக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றடி. மேல்மண்ணோடு குழையும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். அலவாங்குக்கும் அசையாத கல் வந்தால் இடத்தை மாற்றுவதே மேல். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகாத காணியில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம். கிராம அலுவலரிடம் முதலில் விசாரியுங்கள்.

வைத்தபின் தடி நட்டுக் கட்டி, தென்மேற்குப் பக்கம் பனையோலையால் மறையுங்கள். அடியில் சருகு பரப்புங்கள், தண்டோடு முட்டாமல். ஆட்டுக்கு அடைப்பும் அவசியம்.

இன்னும் பிறர் காணியில் இருப்போர்

உங்கள் காணி எப்போது கைக்கு வருமெனத் தெரியாவிட்டால் கன்றை நிலத்தில் வைக்காதீர்கள். வேர் பைக்கு வெளியே வரும்போது பெரிய பைக்கு மாற்றுங்கள். ஒன்றிரண்டு வருடம் இப்படிக் காத்திருக்கலாம். அதுவரை வீட்டுத் தேவைக்கு முருங்கைத் தடியும் பப்பாசியும் போதும். அவை விரைவில் பயன்தரும், விட்டுப்போனாலும் பெரிய நட்டமில்லை. காணிக்காரரிடம் கேட்டே நடுங்கள்.

பனை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதன் முளை நேரே ஆழம் இறங்குவதால் பிடுங்கி நட முடியாது. விதையை மழைக்கு முன் நிலையான இடத்திலேயே ஊன்ற வேண்டும். மற்றவை பையில் காத்திருக்கும். ஐப்பசி ஒவ்வொரு வருடமும் வரும்.