பாடத்திட்டம் தீர்மானமாகும் அறை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் எழுத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். இவ்வாண்டு, அந்த எழுத்து வகுப்பறைக்குள் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வெளியேற்றப்படுகிறது என்பதைப் பேச முடிவு செய்தோம். ஒரு மாணவியின் கேள்விதான் இதற்குக் காரணம். ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் படிப்பவர் அவர். நம் கூட்டத்திற்கு வந்தபோது சொன்னார்: "சீனியர் அக்காங்களுக்குப் பாடமா இருந்த கதை எங்களுக்கு இல்ல தோழர். எடுத்துட்டாங்க. யார் எடுத்தாங்கன்னு கேட்டா யாருக்குமே தெரியல." அவருடைய துறையில் விசாரித்தோம். "மேலிருந்து வந்தது" என்றார்கள்.

மேல் என்பது எந்த இடம்? அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? எந்த விதிப்படி முடிவெடுக்கிறார்கள்? இதை அறியாமல் நாம் நடத்தும் போராட்டம் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கோஷம் போடுவதாகவே முடியும். ஆகவே முதலில் அந்தக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்ப்போம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1997இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் வருகின்றன. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். நமக்குப் பாடம் வகுக்கும் சேலமோ ஏறத்தாழ அதைப்போல நான்கு மடங்கு தொலைவு. தளியிலும் கெலமங்கலத்திலும் தேன்கனிக்கோட்டையிலும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கல்லூரி நேரம் போக சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிற பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பது அந்தத் தொலைவில் தீர்மானமாகிறது.

செனட் எனப்படும் ஆட்சிப்பேரவைதான் பல்கலைக்கழகத்தின் உச்ச மன்றம், எல்லாம் அங்கேதான் முடிவாகும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர்களின் செனட்டே பாடமாற்றங்களை ஆராய்ந்து ஒப்புதல் தருகிறது. நம் ஊர் செனட் வேறு மாதிரியானது. ஆண்டறிக்கை, வரவு செலவு, பொதுக் கொள்கை ஆகியவையே பெரும்பாலும் அதன் முன் வருகின்றன. ஒரு நூலைப் பாடமாக வைப்பதும் எடுப்பதும் அதற்குக் கீழே, சிறிய அறைகளில் நடக்கிறது.

முதல் அறை பாடத்திட்டக் குழு. ஒவ்வொரு பாடத்துறைக்கும் ஒன்று உண்டு. எந்தத் தாள், அதில் எந்த ஐந்து அலகுகள், எந்தெந்த நூல்கள், வாரத்திற்கு எத்தனை மணி, எத்தனை மதிப்புப்புள்ளி என்பதெல்லாம் இங்கே எழுத்து வடிவம் பெறுகின்றன. இரண்டாவது அறை, சில பல்கலைக்கழகங்களில் கல்விக்குழு என்றும் சிலவற்றில் கல்விசார் நிலைக்குழு என்றும் பெயர் பெறுவது. எல்லாத் துறைகளின் பாடத்திட்டங்களும் இங்கே ஒப்புதலுக்கு வரும். மூன்றாவது, சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு. ஒரு நூலை மாற்ற இதுவரை வரவேண்டியதில்லை. புதிய பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்குவதென்றால் பணியிடமும் பணமும் தேவை. அதற்கு இந்த அறையின் தலையசைப்பு வேண்டும். அரசுக் கல்லூரியானால் அரசின் ஆணையும் வேண்டும்.

தன்னாட்சிக் கல்லூரியில் இதே அறைகள் கல்லூரிக்குள்ளேயே இருக்கின்றன. யார் அங்கே உட்காரலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தன்னாட்சி விதிமுறைகள் சொல்கின்றன. அவற்றின்படி பாடத்திட்டக் குழுவுக்குத் துறைத்தலைவர் தலைவர். துறை ஆசிரியர்கள், வெளியிலிருந்து பாட வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் உறுப்பினர்கள். இந்தப் பட்டியலை ஓசூரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இங்கே தொழில்துறைப் பிரதிநிதிக்குப் பஞ்சமே இல்லை. கடிகாரத்திலிருந்து கனரக வாகனம்வரை செய்கிற ஆலைகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்த ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளிக்குப் பட்டியலில் நாற்காலி கிடையாது. மாணவர்க்கும் கிடையாது. படிப்பை முடித்து வெளியே போன ஒருவருக்கு மட்டும் ஒரே ஒரு நாற்காலி. அதில் இன்று யார் இருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே விதிமுறைகளில் நமக்குப் பயன்படும் இன்னொரு வரியும் உண்டு. பாடத்திட்டக் குழு அனுப்பியதைக் கல்விக்குழு ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம். ஏற்க மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 'மேலிருந்து வந்தது' என்பது காரணம் ஆகாது.

விதி இப்படி இருக்க, நடந்தவை என்ன? இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது திருநெல்வேலி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017 முதல் அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' இருந்தது. 2020 நவம்பரில் ஏபிவிபி மாணவர் அமைப்பு அதை எதிர்த்துப் புகார் கொடுத்தது. குழு ஒன்று கூடியது, நூல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வைக்கப்பட்டன. கிருஷ்ணன் படிக்க வேண்டிய எழுத்தாளர்தான், அதில் நமக்குச் சண்டை இல்லை. மூன்றாண்டு வகுப்பில் நடத்தப்பட்ட ஒரு நூல், ஒரு புகாரின் பேரில், கல்வியாண்டின் நடுவே வெளியேறியது. இதுதான் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது டெல்லி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆனர்ஸ் ஐந்தாம் பருவப் பாடத்தில் பாமாவின் 'சங்கதி'யும் சுகிர்தராணியின் கவிதைகளும் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையும் இடம்பெற்றிருந்தன. தமிழ்நாட்டுச் சேரியிலிருந்து கிளம்பிய இரண்டு பெண்களின் எழுத்து தலைநகரின் வகுப்பறையை எட்டியிருந்தது. மேற்பார்வைக் குழு ஒன்று இவற்றை நீக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 24 அன்று கூடிய கல்விக்குழு அந்த மாற்றத்தை ஏற்றது. உறுப்பினர்களில் 15 பேர் எழுத்து மூலம் மறுப்புக் குறிப்புக் கொடுத்தார்கள். துறை வகுத்த பாடத்தில் மேற்பார்வைக் குழு கைவைத்தது ஏன், அந்தக் குழுவில் துறைசார்ந்த வல்லுநர் ஏன் இல்லை, தலித் அல்லது பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர்கூட ஏன் இல்லை என்று அவர்கள் கேட்டார்கள்.

நூல்கள் திரும்பவில்லை, மறுப்புக் குறிப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுத முடியாமல் போனது. எந்த அறையில், எந்தத் தேதியில், எந்தக் குழு சொல்லி நீக்கினார்கள் என்பது நாடு முழுவதும் தெரிந்தது. திருநெல்வேலியையும் டெல்லியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ஒரு நூல் உள்ளே வருவதற்கு எல்லா அறைகளையும் முறையாகக் கடக்க வேண்டியிருக்கிறது. வெளியே போகும்போது மட்டும் அந்த முறை சுருங்கிவிடுகிறது. உள்ளே வந்த வழியாகவே வெளியேறட்டும், ஒவ்வொரு அறையிலும் காரணம் பதிவாகட்டும் என்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நம் பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கல்ல. 2022 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழக முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, விடையாக நான்கு சாதிப் பெயர்களைக் கொடுத்திருந்தார்கள். பெரியார் பெயர் தாங்கிய இடத்தில், விடுதலைப் போராட்டம் பற்றிய தாளில் இந்தக் கேள்வி. வினாத்தாளை வெளியார் தயாரித்தார்கள், கசியக் கூடாது என்பதால் முன்கூட்டி யாரும் படிப்பதில்லை என்று விளக்கம் வந்தது. அங்கும் நமக்குக் கிடைத்த பதில் 'யாரோ செய்தார்கள்' என்பதுதான்.

2023இல் மாநில உயர்கல்வி மன்றம் மாநிலம் முழுமைக்கும் மாதிரிப் பாடத்திட்டம் வகுத்தது. தன்னாட்சி பறிபோகிறது என்று கல்லூரிகள் எதிர்த்தன. பொதுவா, தன்னாட்சியா என்ற அந்த விவாதத்தில் நாம் எந்தப் பக்கம் என்று பலர் கேட்டார்கள். சென்னையில் ஓர் அறையில் முடிவானாலும், ஓசூரில் ஓர் அறையில் முடிவானாலும், அந்த அறையில் நம் ஆள் இருக்கிறாரா, பதிவேடு நம் கைக்கு வருமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. புதிய கேள்வியும் இல்லை இது. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தபோது, பிற்படுத்தப்பட்ட மக்களுக்கு செனட்டில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதாடினார் அண்ணல் அம்பேத்கர்.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஒரு தாளை முன்மொழிந்து பார்ப்போம். எல்லைப்புற தலித் எழுத்து என்று ஒரு விருப்பப்பாடம். தமிழில் பாமாவின் 'கருக்கு', கன்னடத்தில் சித்தலிங்கையாவின் தன்வரலாறு, தெலுங்கில் குர்ரம் ஜாஷுவாவின் 'கப்பிலம்'. வீட்டில் மூன்று மொழி கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் எது? துறையில் ஓர் ஆசிரியர் இதை ஐந்து அலகாக எழுதித் தர முன்வர வேண்டும். குழுவில் எழப்போகும் மறுப்புகளை இப்போதே சொல்லிவிடலாம்.

நூல் கிடைக்காது என்பார்கள். சித்தலிங்கையாவின் நூல் பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'ஊரும் சேரியும்' என்று தமிழில் இருக்கிறது. நூல்பட்டியலைப் பதிப்பக விவரத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். நடை கொச்சையானது என்பார்கள். வட்டார வழக்கு நாவல்களைப் பல காலமாகப் பாடம் நடத்துகிறவர்கள் அவர்கள். அதே அளவுகோலை இங்கும் வைக்கச் சொல்ல வேண்டும். பணிச்சுமை மாறும் என்பார்கள். இது உண்மையான சிக்கல். ஒரு தாள் வந்தால் இன்னொரு தாளின் மணிநேரம் குறையும், ஒரு கௌரவ விரிவுரையாளரின் வேலைக்கே அது ஆபத்தாகலாம். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இருக்கும் விருப்பப்பாடங்களின் வரிசையில் ஒரு தெரிவாகவே கேட்பது நல்லது. கடைசியாக, சாதிப் பிரச்சினை வரும் என்பார்கள். அதற்கு ஒரே பதில், அதைக் காரணமாக எழுதிக் கையெழுத்திடுங்கள் என்பதுதான். வாயால் சொல்கிற பலரும் அதை எழுதத் தயங்குவார்கள்.

பாடத்திட்டத் திருத்தம் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் வரும். கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே கூட்டம் முடிந்துவிடும். ஜூன் மாதம் நாம் விழித்தால் வேலைக்கு ஆகாது. கூட்டம் முடிந்திருந்தால் பதிவேட்டைக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ)வின்படி, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் குழுக்களின் விவரத்தையும், அவற்றின் கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் தானாகவே வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் கல்லூரியானால், இணைவு வழங்கிய பல்கலைக்கழகத்திடம் இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்.

அந்த மாணவிக்காக நாமும் கேட்டோம். கிடைத்தது ஒரே ஒரு வரி: தற்காலத் தேவைக்கேற்பப் பாடங்கள் மாற்றியமைக்கப்பட்டன, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கீழே கையெழுத்துகள். அவற்றில் ஒன்று நம் கூட்டங்களுக்கு வருகிற ஒருவருடையது. அவரிடம் கேட்டோம். பொருள்நிரல் அன்றைக்குக் காலையில்தான் கையில் வந்தது, நாற்பது பக்கம், கதை போனதைத் தான் கவனிக்கவே இல்லை என்றார். பொய் சொல்கிற மனிதர் அல்லர் அவர். அவருக்கு முன்கூட்டி ஒரு தாளில் இதை எழுதிக்கொடுக்க நாமும் இல்லை.

அன்று அந்த அறையில் நம்மவர் ஒருவர் இருந்தார். அவரோடு நாம் இருக்கவில்லை. அடுத்த திருத்தத்திற்குள் நம் மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியிலும் பாடத்திட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திரட்டுவோம். முன்னாள் மாணவர் நாற்காலிக்குத் தகுதியானவர்களின் பெயர்களைக் கொடுப்போம். உறுப்பினராக இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொருள்நிரலை ஒரு வாரம் முன்னதாகக் கேளுங்கள், உடன்பாடு இல்லையென்றால் மறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ, அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.

ஜெய்பீம்.