படிக்கட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காவலர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களிடம், உங்களுக்கு நெருக்கமான மூன்று நண்பர்கள் யார் என்று மேடி சீகல் என்ற சமூகவியலாளர் கேட்டார். 1974இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு மனிதர்களுக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். வயது, மதம், பொழுதுபோக்கு, கல்யாணம் ஆனவரா இல்லையா என்று எதை வைத்துப் பார்த்தாலும் யாருக்கு யார் நண்பர் என்பது அவ்வளவு சரியாகப் பிடிபடவில்லை. குடும்பப் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்த்தபோது பிடிபட்டது. அங்கே தங்கும் அறையையும் வகுப்பில் இருக்கையையும் அகரவரிசைப்படி ஒதுக்கியிருந்தார்கள். பட்டியலில் அடுத்தடுத்து வந்த பெயர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்தன, பேசிக்கொண்டன, நண்பர்களாகிவிட்டன.

நல்ல நண்பனிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். நேர்மை வேண்டும், சொன்ன ரகசியம் வெளியே போகக் கூடாது, ஆபத்தில் கைகொடுக்க வேண்டும், கூட இருந்தால் சிரிப்பு வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்த பெயராக இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதற்கு முன்னோடியான ஆய்வு 1950இல் புத்தகமாக வந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த, திருமணமான மாணவர்களுக்காக ‘வெஸ்ட்கேட்’ என்றொரு குடியிருப்பு இருந்தது. இன்ன வீடுதான் வேண்டும் என்று அங்கே கேட்க முடியாது. எது காலியோ அதுதான். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவர் சகாக்களும் அங்கே போய் யார் யாரோடு பழகுகிறார்கள் என்று விசாரித்தார்கள். ஒரு பகுதியில் இருந்த இரண்டடுக்குக் கட்டடங்களில் ஒவ்வோர் அடுக்கிலும் ஐந்து வீடுகள் வரிசையாக இருந்தன. அடுத்த வீட்டாரை நண்பர் என்று சொல்லும் வாய்ப்பு 100க்கு 41. ஒரு வீடு தள்ளியிருந்தால் 22. வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே வெறும் 10. இத்தனைக்கும் இரண்டு கோடிகளுக்கும் நடுவே முப்பது மீட்டர்கூட இல்லை.

அதைவிட ரசமான விஷயம் படிக்கட்டு. கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நிறைய நண்பர்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கலகலப்பானவர்கள் என்பதல்ல காரணம். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதே குடியிருப்பில் வாசல் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்த சில வீடுகளுக்கு, மற்ற வீடுகளுக்குக் கிடைத்த நட்பில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கட்டடத்தின் வரைபடம் போட்டவர், தனக்கே தெரியாமல், யார் யாருக்கு நண்பர் என்பதையும் பாதி வரைந்துவிட்டார்.

பக்கத்தில் இருந்தால் பாசம் வந்துவிடும் என்று இதற்குள் முடிவு கட்டிவிட வேண்டாம். கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் 1976இல் செய்த ஆய்வு, பிடிக்காதவர்களும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று காட்டியது. நண்பர்களைவிட இன்னும் கிட்டத்தில். சத்தம், நாய், வண்டி நிறுத்தும் இடம் என்று காரணங்களும் நமக்குப் பழகியவைதான். நெருக்கம் ஆளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். அதற்கு மேல் பொறுப்பு ஏற்காது.

அதற்கு மேல் நேரம் தேவைப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்குப் போட்டார். தெரிந்த முகம் சும்மா பழகும் நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறுவதில்லை. வேலை முடிந்து டீக்கடையில் நிற்கும் நேரம்தான் ஏறுகிறது.

பிசிராந்தையார் கதை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சண்டைக்கு வரலாம். பாண்டிய நாட்டுப் புலவரும் உறையூர்ச் சோழனும் ஒருமுறைகூடச் சந்திக்காமலே நண்பர்களாக இருந்தார்கள். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன் அவருக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான், அவரும் வந்து சேர்ந்தார். கூடிப் பழகினால்தான் நட்பு என்பதில்லை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். அந்த நட்பு இத்தனை நூற்றாண்டு கடந்தும் பேசப்படுவது, ஊரில் யாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் குணங்களுக்கு என்னதான் வேலை? எதிரில் வந்து நின்றவர்களில் யார் தங்குவார்கள் என்பதில் அவற்றுக்கு வேலை உண்டு. ஆபத்தில் உதவுவது என்ற குணத்தை எடுத்துக்கொள்வோம். பரிணாம உளவியலாளர்கள் ஜான் டூபியும் லீடா காஸ்மிடஸும் 1996இல் வங்கிக்காரரின் சிக்கல் ஒன்றை முன்வைத்தார்கள். கடன் யாருக்கு மிகவும் தேவையோ அவர் திருப்பிக் கட்டுவார் என்ற நம்பிக்கை வங்கிக்கு மிகக் குறைவு. காட்டில் வேட்டையாடி வாழ்ந்த நம் மூதாதை காலை முறித்துக்கொண்டு கிடந்தாலும் இதே கதைதான். கொடுத்ததற்குப் பதில் எதிர்பார்க்கும் யாரும் அந்த நேரத்தில் அவனிடம் முதல் போட மாட்டார்கள். கணக்குப் பார்க்காத, இவன் போனால் இவனைப் போல் இன்னொருவன் கிடைக்க மாட்டான் என்று நினைக்கிற ஓர் ஆள் அவனுக்கு வேண்டியிருந்தது. நட்பு தோன்றியதே அதற்காகத்தான் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் உதவுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் உளவியலாளர் நயல் போல்ஜர் குழுவினர் தினமும் தனித்தனியே நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். 2000இல் வெளியான முடிவு இது: துணை உதவியதாக எழுதி, படிப்பவர் அதைக் கவனிக்காமலே விட்ட நாள்களில்தான் உதவி நன்றாக வேலை செய்தது. உதவி கண்ணில் பட்டால், ‘என்னால் தனியாக முடியவில்லை’ என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

நல்ல செய்திக்கு இந்த வில்லங்கம் கிடையாது. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். பதவி உயர்வு கிடைத்தது என்று ஒருவர் போனில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “டேய், எப்போ தெரிஞ்சது? அம்மாகிட்ட சொல்லிட்டியா, என்ன சொன்னாங்க?” என்பது ஒரு பதில். “ம், நல்லது, வாழ்த்துகள்” என்பது இன்னொன்று. “ஐயோ, இனிமே வேலை கூடுமே, வெளியூருக்குத் தூக்கிப் போட்டா புள்ளைங்க படிப்பு?” என்பது மூன்றாவது. “அப்படியா... சரி, குரூப்ல ஒரு வீடியோ போட்டிருந்தேனே, பார்த்தியா?” நான்காவது. உறவு நன்றாக இருப்பதோடு முதல் வகைப் பதில் மட்டுமே சேர்ந்து வந்தது. மூன்றாவது ஆள் அக்கறையோடுதான் கேட்கிறார், பாவம். ஆனாலும் அது கெடுதல் பக்கமே சேர்ந்தது. கேபிள் பார்த்தது பெரும்பாலும் காதலர்களையும் தம்பதிகளையும். 2006இல் வந்த ஆய்வில், கஷ்டத்தைச் சொன்னபோது துணை எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட, சந்தோஷத்தைச் சொன்னபோது எப்படி நடந்துகொண்டார் என்பதே அந்த உறவின் ஆரோக்கியத்தை நன்றாகக் காட்டியது.

நண்பனின் வெற்றிக்குத் துள்ளுவது எல்லா நேரத்திலும் எளிதில்லை என்பதற்கும் சோதனை உண்டு. உளவியலாளர் ஆப்ரஹாம் டெஸ்ஸர் தன் சகாவோடு 1980இல் வெளியிட்டது அது. சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டில் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லப்பட்டவர்கள், அடுத்து ஆடும் நண்பருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் குறிப்புகள் தர வேண்டும். இது வெறும் விளையாட்டு என்றபோது நண்பருக்கு எளிய குறிப்பு கிடைத்தது. இது உங்கள் அறிவைக் காட்டும் முக்கியமான சோதனை என்றபோது அந்தச் சலுகை காணாமல் போயிற்று. பார்க்கப்போனால், தெரியாதவருக்கே கொஞ்சம் தாராளம் காட்டினார்கள். ஆகவே, ஒரு கவிஞரின் புதுத் தொகுப்புக்கு மனசாரக் குதிக்கிறவர் இன்னொரு கவிஞராக இருப்பதைவிடப் பல் மருத்துவரான பால்ய சிநேகிதராக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிற்றிதழ் உலகத்தைக் கொஞ்சமாவது பார்த்தவர்களுக்கு இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படாது.