வித்தியாசத்தைப் பார்க்கும் பலகை

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி வீதிகளில் ஓடிய பழைய கார்கள் பல, பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடின. கபுறேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற அந்தக் கார்களில் எண்ணெயை மாற்ற முடிந்தது. டாஷ்போர்ட்டில் இருந்த எரிபொருள் மீற்றரை மாற்ற வேண்டி வரவில்லை. தாங்கிக்குள் இருப்பது என்ன எண்ணெய் என்பது அந்த முள்ளுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு மிதவையின் உயரம் மட்டுமே.

மிதவையோடு ஒரு கை இணைந்திருக்கும். எண்ணெய் குறையக் குறைய அந்தக் கை, சுற்றிய தடைக்கம்பி ஒன்றின் மேல் உரசிக்கொண்டு நகரும். அப்போது மின்னோட்டத்துக்கான தடை மாறும். இதை அறிய மின்னோட்டத்தை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பற்றறி சோர்ந்திருந்தால் மின்னோட்டம் குறையும். தாங்கி நிறைந்திருந்தாலும் முள் பொய் சொல்லும். அதனால் அந்தக் கால மீற்றருக்குள் இரண்டு கம்பிச்சுருள்களை ஒன்றுக்கொன்று சாய்வாக வைத்தார்கள். ஒன்று முள்ளை ஒரு பக்கம் இழுக்கும், மற்றது மறுபக்கம் இழுக்கும். மிதவையின் தடை இந்த இழுபறியின் பங்கை மட்டும் மாற்றும். பற்றறி சோர்ந்தால் இரண்டு சுருளும் ஒரே அளவில் சோரும். முள் நின்ற இடத்திலேயே நிற்கும். எவ்வளவு எளிய வேலை, எவ்வளவு நேர்மையான வேலை! இரண்டை ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் பார் என்ற இந்தப் புத்திதான் டாஷ்போர்ட்டின் பெரும்பகுதியை இன்றும் நடத்துகிறது.

வேக மீற்றர் மட்டும் நெடுங்காலம் மின்கம்பி இல்லாமலே ஓடியது. 1902இல் பேர்லினில் ஓட்டோ ஷூல்ட்ஸ் காப்புரிமை எடுத்த முறை அது. கியர்ப்பெட்டியில் இருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றிக் கிண்ணத்தையும் உடன் இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கும். இரண்டும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும்.

இனி, எல்லாரும் பார்த்தும் பாராமல் விடும் சிவப்பு விளக்குக்கு வருவோம். பற்றறிப் படம் போட்ட அந்த விளக்கு, திறப்பைத் திருப்பியதும் எரியும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அணையும். யாரும் அதை அணைப்பதில்லை. அதன் ஒரு முனை திறப்பு வழியாகப் பற்றறிக்கும், மறுமுனை, இயந்திரம் சுற்றும்போது மின் தயாரிக்கும் ஓல்ற்றனேற்றருக்கும் போகிறது. ஓல்ற்றனேற்றர் சுற்றாதபோது ஒரு பக்கம் 12 வோல்ற்று, மறுபக்கம் கிட்டத்தட்டச் சுழியம். வித்தியாசம் இருப்பதால் விளக்கு எரிகிறது. ஓல்ற்றனேற்றர் மின் கொடுக்கத் தொடங்கினால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வரும். ஒரே மட்டத்தில் நிற்கும் இரண்டு குளங்களுக்கு இடையிலான வாய்க்காலில் நீர் ஓடாதது போல, அந்தக் குமிழுக்குள் மின்னோட்டம் நின்றுவிடும்.

வியப்பு இதோடு முடியவில்லை. ஓல்ற்றனேற்றருக்குள் சுழல்வது ஒரு மின்காந்தம். அது மின் தயாரிக்க முதலில் அதற்கே கொஞ்சம் மின் வேண்டும். பல வாகனங்களில் அந்த முதல் மின் இந்தச் சின்னக் குமிழ் வழியாகத்தான் போகிறது. இரண்டு வாற்றுக் குமிழ் ஒன்றின் ஊடாகப் போவது ஐந்தில் ஒரு பங்கு அம்பியர் கூட இல்லை. ஆனால் குமிழ் கருகிப்போனால் அதுவும் போகாது. ஓல்ற்றனேற்றர் நல்லதாகவே இருக்கும், பற்றறியும் நல்லதாகவே இருக்கும், ஆனால் சார்ஜ் ஏறாது. எச்சரிக்க வேண்டிய விளக்கே செத்துக் கிடப்பதால் சாரதிக்குத் தெரியவும் வராது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம்முடைய வீதிகள். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியிலும் அதன் கிளை வீதிகளிலும் இருபுறமும் காடு நிற்கும் நீளமான இருட்டுத் துண்டுகள் உண்டு. யானை நடமாடும் இடங்களும் உண்டு. முன் விளக்கு இரண்டும் ஒன்பது அம்பியர் அளவில் இழுக்கும். பின் விளக்குகளையும் இயந்திரத்தின் தேவையையும் சேர்த்தால் சார்ஜ் ஏறாத 45 அம்பியர்-மணிப் பற்றறி, புதிதாக இருந்தாலும், கணக்குப்படி மூன்று மணித்தியாலம்தான். பழையது அதில் பாதி தாங்கினாலே பெரிது. பழைய டீசல் உழவு இயந்திரம் என்றால் ஒருமுறை எழும்பிய பிறகு மின் இல்லாமலும் ஓடும், விளக்குத்தான் மங்கும். பெற்றோல் வாகனம் அந்த இடத்திலேயே நிற்கும். ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்து, கூடவே வெப்ப முள்ளும் ஏறினால் பெல்ற் அறுந்திருக்கக் கூடும். பல இயந்திரங்களில் தண்ணீர்ப் பம்பையும் ஓல்ற்றனேற்றரையும் சுற்றுவது ஒரே பெல்ற்தான். உடனே ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்துங்கள்.

இன்றைய வாகனங்களில் முள்ளை ஆட்டுவது ஒரு சின்ன மோட்டார். டாஷ்போர்ட்டே ஒரு கணினி. சில்லின் வேகத்தை ஒரு மொடியூல் அளக்கிறது, இயந்திரத்தின் சூட்டை இன்னொன்று அளக்கிறது. எல்லாம் முறுக்கிய இரண்டு கம்பிகளில் செய்தியாக ஓடி வருகின்றன. பொஷ் நிறுவனம் 1983இல் உருவாக்கத் தொடங்கி 1986இல் டெட்ரொயிட்டில் அறிமுகம் செய்த 'கான்' இணைப்பு இது. செய்தி இல்லாதபோது இரண்டு கம்பியும் இரண்டரை வோல்ற்றில் நிற்கும். செய்தி வரும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். கேட்கும் மொடியூல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். பக்கத்தில் ஹோர்ன் அடித்தாலும் மோட்டார் ஓடினாலும் அந்தத் தொந்தரவு இரண்டு கம்பியிலும் ஒன்றாகவே விழுவதால் செய்தி கெடாது. சோர்ந்த பற்றறியிடம் ஏமாறாத பழைய இரட்டைச் சுருளின் புத்தியே இங்கும் வேலை செய்கிறது.

இந்த இரண்டு கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பற்றறியைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. டாஷ்போர்ட்டில் சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒன்றாக எரியும்போது ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றிப் பணத்தைக் கொட்டாமல், முதலில் இதையும் உடலோடு பூட்டிய எர்த் கம்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மழைக் கால ஈரமும் கோடைப் புழுதியும் மாறி மாறிப் படும் நம் இடத்தில் எர்த் முனையில் பூக்கும் துரு போதும், நல்ல மீற்றரையும் பொய் சொல்ல வைக்க.

மேலதிக விளக்கோ பாட்டுப்பெட்டியோ பூட்டும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பழைய ஒஸ்ரின் ஏ40 இன்னும் முற்றத்தில் நின்றால், அதன் பற்றறியில் எர்த் ஆகியிருப்பது நேர் முனையா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்; அக்காலப் பிரித்தானியக் கார்கள் பல அப்படித்தான் வந்தன, இன்றைய கருவியைப் பார்க்காமல் கொடுத்தால் கருகும். புதிய வாகனம் என்றால் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் கைக்குக் கிடைத்த கம்பியைச் சுரண்டி முறுக்க விடாதீர்கள். பற்றறியில் இருந்து தனிக் கம்பி, தனிப் பியூஸ், தேவைக்கு ஒரு றிலே என்று கேட்டு வாங்குங்கள்.