துணிச் சின்னமும் அதன் சான்றும்

தபால் முத்திரையும் நாணயமும் தொகுப்போரை யாவரும் அறிவர். போர்வீரர் சீருடையில் தைத்த துணிச் சின்னங்களைத் தொகுப்போரும் உலகிற் பலர் உளர். அவற்றுள் இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் சின்னங்களுக்கு விலையும் மிகுதி, போலியும் மிகுதி.

ஹற்றன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வரும் எம் மாணவர் ஒருவர், தந்தையாரின் தீபாவளி முற்பணத்திற் கிடைத்த பங்கைக் கொடுத்து அத்தகைய சின்னம் ஒன்றை வாங்கி வந்தார். கேடய வடிவு, காவி, வெண்மை, பச்சை என மூன்று பட்டை, நடுவே பாயும் புலி, மேலே 'சுதந்திர இந்தியா' எனப் பொருள்படும் ஜேர்மன் எழுத்து. "ஐயா, ஜேர்மன் சட்டையில் இந்திய நிறங்கள் எவ்வாறு வந்தன?" என்று வினவினார்.

சுபாஷ் சந்திர போஸ் 1941 ஏப்ரிலிற் பேர்லினை அடைந்தார். வட ஆபிரிக்கக் களத்திற் பிரித்தானியர் பக்கம் நின்று போரிட்டுச் சிறைப்பட்ட இந்திய வீரர் பலரைக் கொண்டு அங்கே ஒரு படை அமைந்தது. அது ஜேர்மன் தரைப்படையின் 950 ஆம் காலாட் படைப்பிரிவாயிற்று. அவர்தம் சீருடை ஜேர்மனியருடையது. வலது மேற்கையிலோ இப்புலிச் சின்னம். 1943 பெப்ரவரியிற் போஸ் நீர்மூழ்கியிற் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். வீரரோ பின்னர் பிரான்சின் அத்திலாந்திக் கரையிற் காவல் நின்றனர். 1944 ஓகஸ்டில் நாசிகளின் வஃபன் எஸ்.எஸ். படையின்கீழ் வைக்கப்பட்டனர். தாய்நாட்டின் விடுதலையை வேண்டியோர், அறுபது இலட்சம் யூதரைக் கொன்ற ஆட்சியின் உடையை அணிய நேர்ந்தது. இம்முரண்பாடு முழுவதும் அச்சிறு துணியில் அடங்கியுள்ளது.

இனி, மெய்ம்மை காணும் வழியைக் கூறுவாம். பெட்டியின்மேல் எழுதிய பெயரைக் கண்டு தேயிலையின் தரத்தை எவரும் தீர்மானியார். சாயம் இறக்கிச் சுவைத்தே தீர்மானிப்பர். அவ்வாறே சின்னத்தின் முகத்தை நம்பாது, முதுகைப் பார்த்தல் வேண்டும். பொறியில் நெய்ததாயின் மறுபுறத்தே உருவம் நிறம் மாறித் தோன்றும். ஊசியாற் பின்னியதாயின் தையலிழைகள் தெரியும். கழியூதா ஒளியிற் பிடித்தால், போருக்குப் பிற்பட்ட செயற்கை நூல்கள் பல பளிச்சென ஒளிரும். எனினும் அக்காலத் துணியையே இக்காலச் சவர்க்காரத் தூளிற் கழுவியிருப்பினும் ஒளிரக்கூடும். ஆதலால் ஒரு சோதனையோடு அமைதல் தகாது.

எம் மாணவரின் துணியைப் பணத்தாள் சோதிக்கும் விளக்கிற் பிடித்தோம். எழுத்து முதல் ஓரத்தையல் வரை வெள்ளெனச் சுடர்ந்தது. மறுபுறத் தையலும் புத்தம்புதிது. பிள்ளையின் முகம் வாடிற்று. "துணி போலியே; நீர் கேட்ட வினா மெய்யானது" என்றோம். அவ்வாரமே அவர் நூலகத்தில் அப்படையின் வரலாற்றைத் தேடத் தொடங்கினார்.

பழைய மாணவர்களே! உங்கள் இல்லத்துப் பெட்டிகளிலும் பாட்டனார் அணிந்த போர்க்காலச் சின்னம் ஏதேனும் இருத்தல் கூடும். அணிந்தவர் யார், எங்கே, எவ்வாண்டில் என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். அத்தாள் இல்லையேல், நாளை அது வெறுந்துணியே ஆகும்.