இலை காட்டாத இன வேறுபாடு

புது தில்லி: ஒரே முசுக்கொட்டை மரத்தில் ஓர் இலை பிளவுபட்டிருக்கும்; அடுத்த இலை பிளவின்றி முழுமையாக இருக்கும். இலையை நம்பி இம்மரத்தின் இனத்தைத் தீர்மானிக்க இயலாது.

1753-ல் லின்னேயஸ் ஆல்பா, இண்டிகா இரண்டையும் தனி இனங்களாக வைத்தார். 1917-ல் ஜப்பானிய அறிஞர் கோய்ட்சுமி, பெண் பூவின் சூல்தண்டு நீளமா, குட்டையா என்பதை அளவுகோலாக்கினார். இந்தியாவில் ஆல்பா, இண்டிகா, செர்ராட்டா, லீவிகேட்டா என நான்கு இனங்கள் என்பது வழிவழியான கணக்கு.

மரபணு ஆய்வு இக்கணக்கைக் கலைத்துவிட்டது. 2015-ல் சீன ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை ஒப்பிட்டு, உலகில் உள்ளவை 8 இனங்களே என்றனர். அப்பட்டியலில் செர்ராட்டா உண்டு, இண்டிகா இல்லை. தில்லி விஞ்ஞானிகள் 2006-ல் பசுங்கணிக மரபுத்தொகுதியை முழுமையாக வெளியிட்டதோ இண்டிகா என்ற பெயரில்தான்!

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. நம் பட்டு விவசாயிகள் பயிரிடும் ரகங்கள் பெரும்பாலும் ஆல்பா, இண்டிகா வழி வந்தவை. இரண்டும் ஒன்றே எனில், புதிய பண்புகளை வேறு இனங்களில்தான் தேட வேண்டும். இமயமலையின் குளிரைத் தாங்கி வளரும் செர்ராட்டா அவற்றுள் ஒன்று. இலை முரடு என்பதால் பட்டுப்புழு வளர்ப்போர் அதை நாடுவதில்லை. மலைவாழ் மக்கள் தீவனத்துக்காகக் கிளைகளை வெட்டுகின்றனர்.

ஒசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபு வள மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முசுக்கொட்டை மாதிரிகளைப் பராமரிக்கிறது. ஆனால் சில குச்சிகளைக் கொண்டுவந்து நடுவதால் மட்டும் காட்டு மரத்தின் பன்மை காக்கப்பட்டுவிடாது. மலையிலேயே காப்பதெனில் இரு தரப்பு கூடிப் பேச வேண்டும்: வாரியம் ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ளது, காடுகள் மாநில வனத்துறைகளின் பொறுப்பில் உள்ளன.